நாற்பத்தெட்டாம் பக்கத்து வாசல்

அன்புள்ள அக்காவுக்கு,

பூச்சி எழுதுகிறேன். போன மாதம் வாசல்வரை வந்தவளிடம் கேட்டிருக்க வேண்டியதை இப்போது கேட்கிறேன். நலமா? நாலு மாடி ஏறி இறங்கினாயே, வயிற்றுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையே?

சர்க்கரை டப்பாவுக்கு அடியில் அம்மா ஒளித்து வைத்திருந்த உன் சீட்டைப் பார்த்துவிட்டேன். முகவரி அதிலிருந்துதான் கிடைத்தது. மாமாவுக்குத் தூரத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இருபதாம் தேதி கிளம்புகிறோம், திரும்பிவர எத்தனை வருடம் ஆகுமோ என்று எழுதியிருக்கிறாய். அதைப் படித்ததிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. உட்கார்ந்தால் எழுந்திருக்கத் தோன்றுகிறது, எழுந்தால் எதற்கு எழுந்தேன் என்று மறந்துவிடுகிறது. போனில் பேசலாம்தான். ஆனால் போனை எடுத்தால் என் வாயிலிருந்து காற்றுதான் வரும், உனக்குத் தெரியாததா. எனக்கு வாயில்லாப்பூச்சி என்று பெயர் வைத்ததே நீதானே.

நீ மாமாவோடு போன பிறகு அப்பா என்னைப் பத்தாவதோடு நிறுத்திவிட்டதை அம்மா சொல்லியிருப்பாள். அதற்காக உன்மேல் கோபமாக இருந்தேன். இப்போது இல்லை. பொய், கொஞ்சம் இருக்கிறது.

வேலை பைண்டிங் கடையில். அச்சாகி வரும் பெரிய தாளை மடித்தால் பதினாறு பக்கம். அதை ஃபாரம் என்பார்கள். ஆளுக்கு ஒரு ஃபாரம்தான் தருவார்கள். போன மாதம் எனக்கு வந்தது மூன்றாவது, முப்பத்து மூன்றாம் பக்கத்திலிருந்து நாற்பத்தெட்டுவரை. கதை என்ன தெரியுமா? ஒரு காட்டேரியின் காதல். சிரிக்காதே. கல்லூரிப் பெண்கள் அடித்துப்பிடித்து வாங்குகிறார்களாம், இது மூன்றாம் பதிப்பு. அவனுக்கு இருநூறு வயது, பார்த்தால் இருபது. பியானோ பழுது பார்க்கும் ஒருத்திமேல் உயிராக இருக்கிறான். அவள் கழுத்தைப் பார்க்கக்கூடாது என்று தரையையே பார்த்துப் பேசுகிறான்.

சாப்பாட்டு வேளையில் அவரவர் ஃபாரத்தில் நடந்ததைச் சொல்லிச் சொல்லித்தான் எங்களுக்குக் கதை சேரும். பசை தடவுகிற அக்கா, "எங்க வீட்டுக்காரரும் பகல்ல தூங்குறாரு, என் ரத்தத்தைக் குடிக்கிறாரு. அழகு ஒண்ணுதான்டி குறைச்சல்!" என்று சொல்ல, எனக்குப் புரையேறிவிட்டது. தையல் போடுகிற அக்கா அவளை விடவில்லை. "உன் ஆளு கதவைத் தட்டிட்டா வர்றாரு? இவன் மூணு நாளா மழையில நிக்கிறான், பாவம்" என்றாள்.

அதுதான் அக்கா அந்தக் கதையில். வீட்டிலிருப்பவர்கள் 'வா' என்று சொல்லாமல் காட்டேரியால் வாசலைத் தாண்ட முடியாது. கதவை ஒரு விரலால் பெயர்க்கும் பலம் அவனுக்கு உண்டு. ஆனாலும் நிற்கிறான், கேட்கிறான், காத்திருக்கிறான். எங்கள் மேஸ்திரி தினம் சாயங்காலம் எங்கள் பைக்குள் கையை விட்டுத் துழாவுகிறார், ஒரு நாளும் கேட்டதில்லை. என்னைப் பள்ளியிலிருந்து நிறுத்தும்போதும் யாரும் என்னைக் கேட்கவில்லை. அந்தக் கல்லூரிப் பெண்கள் ஏன் இந்தப் புத்தகத்தைத் தலையணைக்கடியில் வைத்துக்கொள்கிறார்கள் என்று எனக்குப் புரிகிறது. பல்லுக்காக இல்லை. கேட்டுவிட்டு வருகிற ஒருவனுக்காக. லிஃப்ட் ரிப்பேருக்கு வந்த நாட்களில் மாமாவும் தண்ணீர் கேட்டு நம் வாசலில் கிரீஸ் கையோடு நின்று, "உள்ள வரலாமா?" என்றுதானே கேட்பார்?

என் ஃபாரம் ஒரு வாக்கியத்தின் நடுவில் முடிந்துவிடும். நாற்பத்தெட்டாம் பக்கத்தின் கடைசி வரி, 'அவள் கதவைத் திறந்தாள், வாயைத் திறந்து'. அவ்வளவுதான். ஒரு நாளைக்கு ஆயிரம் தடவை அந்த வரியில் வந்து நின்றேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நீ கதவைத் தட்டினாய். அப்பா இரவு டியூட்டி முடித்து, ஜன்னலில் கறுப்புத் துணியைத் தொங்கவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தார். 'அவளை யாராவது உள்ள வான்னு கூப்பிட்டீங்க, அப்புறம் நான் இந்த வீட்டுல இருக்க மாட்டேன்' என்று அவர் சொன்னது என் காதிலேயே இருந்தது. நான் கதவைத் திறந்தேன், வாயைத் திறந்தேன். நீ மூச்சு வாங்கிக்கொண்டு இடுப்பில் கை வைத்து நின்றாய். உள்ளே அப்பா இருமினார். நீ என்னையே பார்த்தாய். கடைசியில் என் வாயிலிருந்து வந்தது, "போயிட்டு வா". அப்பா "யாரு?" என்றார். நான் "யாருமில்ல" என்றேன். அப்போது நீ மூன்றாவது படியில்தான் இருந்தாய். காதில் விழுந்திருக்கும். விழவில்லை என்று பொய்யாவது சொல்லேன்.

அடுத்த வாரம் நாலாவது ஃபாரம் மடிக்கிறவளுக்குக் காய்ச்சல். அவள் கட்டு என் மேசைக்கு வந்தது. நாற்பத்தொன்பதாம் பக்கத்தில் அவள் 'வா' என்று சொல்லிவிடுகிறாள். அதற்குப் பின்னால் ஒரு விதி இருக்கிறது. ஒருமுறை 'வா' என்று சொல்லிவிட்டால், அந்த வீட்டில் யாராலும், சொன்னவளால்கூட, அந்தச் சொல்லைத் திரும்ப வாங்க முடியாது. நான் மடிப்பதை நிறுத்திவிட்டேன். மேஸ்திரி திட்டினார். நான் 'போ' என்று மட்டும் சொல்லவில்லையே அக்கா. அதில் ஒரு 'வா' இருந்ததே!

முந்தாநாள் அப்பா சாப்பிடும்போது சொல்லிவிட்டேன். "அக்கா வந்திருந்தா. நான் வான்னு சொல்லிட்டேன்" என்றேன். எப்போது, என்ன சொன்னாய் என்று கேட்டார். சொன்னேன். "போயிட்டு வான்னு எல்லாரும் சும்மா சொல்றதுதான்" என்றார். "நான் சும்மா சொல்லலப்பா" என்றேன். அம்மா கரண்டியைக் கீழே போட்டுவிட்டாள். அப்பா தட்டைப் பார்த்தபடியே, "நாலு மாடியும் ஏறியா வந்தா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "உட்காராமலேயா போனா?" என்றார்.

மாமா வராமல்போனதிலிருந்து லிஃப்ட் கிடப்பில்தான் கிடக்கிறது. படிதான். ஆனால் நேற்றுக் காலையிலிருந்து இரண்டாவது மாடித் திருப்பத்தில் ஒரு நாற்காலி இருக்கிறது. அப்பா டியூட்டியில் உட்காருகிற நாற்காலி மாதிரியே, ஒரு கை உடைந்து கயிறு சுற்றியது. யார் போட்டது என்று நானும் கேட்கவில்லை, நீயும் கேட்காதே. அதில் உட்கார்ந்து மூச்சு வாங்கிவிட்டு மெதுவாக ஏறு.

இருபதாம் தேதிக்கு இன்னும் பதினோரு நாள் இருக்கிறது. உன் உடம்பும் உள்ளே இருப்பதும் நன்றாக இருக்கட்டும்.

போயிட்டு வா என்று சொன்னேன். நீ பாதியைத்தான் செய்திருக்கிறாய்.

மாமாவையும் கூட்டிக்கொண்டு, உள்ளே வா அக்கா.

வாயைத் திறந்துவிட்ட,
உன் பூச்சி