முடி துறந்தவன்

அன்புள்ள அண்ணாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது என்னவென்றால், உன் தம்பி முடி துறந்துவிட்டான். அரசர்கள் துறக்கிற முடி இல்லை, சலூன் தரையில் கூட்டித் தள்ளுகிற முடி. ஆசிரமத்துக்குப் போய் இரண்டு வருஷம் தவமிருந்து நீ அடைந்த பளபளப்பை நான் ஒரே கத்தியில் அடைந்துவிட்டேன். உலகப் பற்று முடியளவும் கிடையாது. என் தலையே சாட்சி.

வெளியே சாமியார் வந்தாயிற்று, உள்ளேயும் தானாக வந்து உட்காருவாரா என்று சோதித்தேன். நீ விட்டுப்போன வெள்ளை ஜிப்பாவை மாட்டிக்கொண்டு, உன் பழைய இடத்தில் ஜன்னலைப் பார்த்துச் சம்மணம் போட்டேன். எட்டிப் பார்த்த எதிர்வீட்டு அத்தை பயபக்தியோடு கும்பிட்டார். அவர் வீட்டு காலிங் பெல்லை தினமும் அழுத்திவிட்டு ஓடுகிறவன் இந்த மகான்தான். வெளுத்ததெல்லாம் பால்!

அப்போதுதான் அம்மா தையல் கம்பெனியிலிருந்து வந்தாள். உன்னைப் பற்றி யார் கேட்டாலும் அவள் சொல்கிற பதில் உனக்குத் தெரியாது. "எனக்கென்னங்க கவலை? என் பெரியவன் கடவுளைத் தேடிப் போயிருக்கான்." கம்பெனியில் அவளுக்குத் தனி மரியாதை. நானும் அதை அப்படியே நம்பியிருந்தேன்.

டிபன் டப்பா விழுந்து உருண்டது. நான் திரும்பவில்லை. பின்னாலிருந்து இறுக்கிக் கட்டிக்கொண்டாள். மெஷின் எண்ணெய் வாசனை. மொட்டையில் முகத்தை வைத்து, "வந்துட்டியாடா? போதும்டா. கடவுள்கிட்ட நான் சண்டை போட்டுக்கறேன், நீ போகாத" என்று அழுதாள்.

அண்ணா, எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இப்படி ஒரு அம்மா நம் வீட்டில் இருந்ததே எனக்குத் தெரியாது. ஆனாலும் நான் ஆடவில்லை, அசையவில்லை. உங்கள் ஆசிரமத்தில் இப்படி ஒரு ஆள் உண்டா?

பிறகு அவள் கை என் இடது காதில் பட்டது. சைக்கிளில் விழுந்து கிழிந்ததே, அந்தக் காது. கை அப்படியே நின்றது.

"நீயா" என்றாள்.

கரண்டி பறக்கும் என்று காத்திருந்தேன். பறக்கவில்லை. ஜிப்பாவைக் கழற்றச் சொல்லி, மடித்து, அலமாரியில் வைத்துவிட்டு டப்பா மூடியைத் தேடப் போனாள். பயமே அதற்கப்புறம்தான் வந்தது.

சாயங்காலம் அத்தை வந்து, "சின்னவனும் சாமியாரா?" என்று கேட்டார். "எனக்கென்னங்க கவலை?" என்று அம்மா சிரித்தாள். இத்தனை நாளும் அந்தச் சிரிப்பை நான் கேட்டுத்தான் இருக்கிறேன். அன்றைக்குத்தான் பார்த்தேன்.

பாசக் கயிறு அறுந்துவிட்டது என்று போன கடிதத்தில் எழுதியிருந்தாய். கிண்டலுக்குக் கேட்கவில்லை, சத்தியமாகக் கேட்கிறேன்: உன் வெள்ளைக்கு உள்ளேயும் வெள்ளைதானா? ஆமாம் என்றால் அங்கேயே இரு, நல்லா இரு. ஆனால் ஒரு தடவை அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அப்புறம் சொல். துறந்தவனுக்கும் திறந்த கதவுக்கும் ஓரெழுத்துதான் தூரம்.

அந்தக் கட்டிப்பிடிப்பு உன் பெயருக்கு வந்தது. நீ வீட்டில் இல்லாததால் நான் வாங்கி வைத்திருக்கிறேன். நேரில் வந்து பெற்றுக்கொள்ளவும்.

இப்படிக்கு,
மொட்டை (ஒரு நாள் மகான்)

பி.கு.: முடி துறந்தது வைராக்கியத்தால் இல்லை. நண்பனின் நாற்காலிக்கென்று மென்று வைத்த பபிள்கம் என் தலையிலேயே ஒட்டிக்கொண்டது. அசையாமல் இருந்ததும் தியானத்தால் இல்லை. திரும்பினால் கையை எடுத்துவிடுவாளே என்றுதான்.