தண்ணீர் உட்பட

ஆகஸ்ட் 6
எங்கள் சவாயீ தீவுக்கு நாளை பரிசோதகர் வருகிறார். பெயர் ரூபர்ட். தென்னைக்கு நாங்கள் ரசாயன உரம் போடுவதில்லை என்று அவர் சான்றிதழ் கொடுத்தால், பெண்கள் சங்கத்தின் பத்து பீப்பாய் தேங்காய் எண்ணெயும் ஐரோப்பாவுக்குக் கப்பலேறும். இல்லாவிட்டால் தலைநகர் ஆப்பியாவின் சோப்புக்காரன் சொன்னதுதான் விலை. இருபத்து மூன்று வீட்டில் அடுப்பு எரிவது இதை நம்பித்தான். உரம் வாங்க எங்களுக்கு வக்கில்லை. வக்கில்லாததற்கும் ஒரு சான்றிதழ் வேண்டியிருக்கிறது!

ஆகஸ்ட் 7
வந்தார். வாயைத் திறக்கும் முன்பே கையில் இளநீர். பிறகு சுட்ட பன்றி, சேப்பங்கிழங்கு. கடைசியில் சங்கத் தலைவி தௌசி அக்கா, தான் இரண்டு வருடம் பின்னிய பாயை அவர் மடியில் வைத்துவிட்டார்.

"அக்கா, அவரு வேலையா வந்திருக்காரு."

"வந்தவன் முதல்ல சாப்பிடட்டும்டி பெனினா. எதுக்கு வந்தான்னு அப்புறம் கேட்டுக்கலாம்."

கிளம்பும்போது மனிதர் முகம் வெளிறியிருந்தது. பன்றிக் கொழுப்பு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்தோம்.

ஆகஸ்ட் 29
சான்றிதழ் நிறுத்திவைப்பு. காரணம், பரிசோதகருக்கு லஞ்சம் கொடுக்க முயன்றோமாம். அக்டோபரில் மறுபரிசோதனை. அப்போது எதுவும் கொடுக்கக் கூடாது, தண்ணீர் உட்பட.

லஞ்சமா? நாங்களா? பாயையும் திருப்பி அனுப்பிட்டாங்க. முகத்துல துப்பியிருந்தாக்கூடத் தேவலை. அக்கா அழுதுட்டாங்க.

பன்றி மட்டும் திரும்பி வரவில்லை.

செப்டம்பர் 18
ஆப்பியாவில் கருத்தரங்கு: 'சிறு தீவுகளையும் அரவணைக்கும் வர்த்தகக் கொள்கை'. எங்களைக் கடைசி வரிசையில் அரவணைத்தார்கள். ஆளுக்கொரு பை, தொப்பி, மூன்று வேளை விருந்து. பைக்குள் தேங்காய் எண்ணெய் சோப்பு, வேறு தேசத்தில் செய்தது.

எழுந்து கேட்டேன்: "இந்தப் பை லஞ்சம் இல்லீங்களா?"

மேடையில் இருந்தவர் சிரித்தார். "இது விருந்தோம்பல்மா."

எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டித் தொலைத்தேன்.

அக்டோபர் 14
ரூபர்ட் மறுபடியும். உச்சி வெயிலில் ஒவ்வொரு தென்னையாக எண்ணினார். சட்டையைப் பிழிந்தால் வாளி நிறையும். தௌசி அக்கா சீவிய இளநீரோடு நின்றார். நான் அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"விடுடி, மனுஷன் மயங்கி விழுந்துருவான்."

"விழட்டும்கா. கையெழுத்துப் போட்டுட்டு விழட்டும்."

அக்கா என்னைப் பார்த்த பார்வை — வெட்கமாகத்தான் இருந்தது. ஆனாலும் கையை விடவில்லை.

நவம்பர் 11
சான்றிதழ் வந்துவிட்டது.

நவம்பர் 30
பத்து பீப்பாயும் கப்பலேறின. சங்கத்தில் ஒரே ஆட்டம், பாட்டு. தௌசி அக்கா பாடவில்லை.

டிசம்பர் 9
மதியம் யாரோ ஒரு பெரியவர், வெயிலில் நடந்து வந்து எங்கள் வீட்டுப் படியில் உட்கார்ந்தார்.

"என்ன விஷயமா வந்தீங்க?" என்றேன்.

அவர் திகைத்துப்போய் எழுந்து நின்றார்.

"ஒண்ணுமில்லம்மா. தாகமா இருந்துச்சு."

தண்ணீர் கொடுக்கும் முன்பே கேட்டுவிட்டேன்.