பதினாலு நிமிஷம்

9 பிப்ரவரி

அன்புள்ள அக்கா,

நான் நலம். நீயும் அம்மாவும் நலம்தானே?

வீட்டுக்குப் போன் செய்தால் அம்மா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறாள். "பைலட்டு என்ன சொல்றான்?" என்று அவள் பெருமையாகக் கேட்கும்போது, நன்றாக இருக்கிறேன் என்பதைத் தவிர வேறெதுவும் சொல்ல வாய் வருவதில்லை. அதனால்தான் உன் பஸ் டிப்போ விலாசத்துக்கு எழுதுகிறேன். டைம்கீப்பர் அறைக்கு வரும் கடிதத்தை வேறு யாரும் பிரிக்க மாட்டார்கள் அல்லவா?

இந்தக் கம்பெனியில் நான் கேப்டனாகிப் பத்து மாதம் ஆகிறது. தனி விமானம் என்றதும் நீ சினிமாவில் பார்ப்பதுபோல் நினைத்திருப்பாய். பெரிய ஏர்லைன் மாதிரி இங்கே டைம்டேபிள் கிடையாது. பணம் உள்ளவர் ஒருவர் எங்கோ போக நினைப்பார், எனக்கு மெசேஜ் வரும், இரண்டு மணி நேரத்தில் நான் விமானத்தில் இருக்க வேண்டும். பெட்டி தூக்குவதும், அவர்கள் இறங்கியதும் சீட்டுக்கு அடியில் முந்திரிப்பருப்பு பொறுக்குவதும் நாங்களேதான். பணிப்பெண்களைப் போன வருடமே நிறுத்திவிட்டார்கள். பயணிகள் திரும்பி வரும்வரை ஓய்வறை நாற்காலியில் ஏழெட்டு மணி நேரம் உட்கார்ந்திருப்போம். கம்பெனிக் கணக்கில் அதற்குப் பெயர் ஓய்வு.

எங்களை ஒரு ஃப்ளாட்டில் தங்க வைத்திருக்கிறார்கள். மூன்று அறை, ஆறு பைலட். சமையலறை அலமாரியில் ஒன்பது உப்புப் பொட்டலம் இருக்கிறது. வருகிறவன் ஒன்று வாங்குகிறான், பாதி தீர்வதற்குள் ஓடிப்போகிறான். நான் வந்த பிறகு பதினேழு பேர் போய்விட்டார்கள். போகிறவர்களின் வேலை இருப்பவர்கள் தலையில் விழுகிறது. அதனால் இருப்பவர்களும் போகிறார்கள்.

நான் போக முடியாது. மூன்று வருடம் முடிக்காமல் போனால் நற்சான்று தர மாட்டார்கள். அது இல்லாமல் வேறெங்கும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். இன்னும் இரண்டு வருடம், இரண்டு மாதம்.

களைப்பாக இருக்கிறது அக்கா. அவ்வளவுதான். அம்மாவிடம் சொல்லாதே.

உன் தம்பி


20 பிப்ரவரி

என் அன்புத் தம்பிக்கு,

உன் கடிதம் வந்தது. கடிதம் எழுத மட்டும் உனக்கு அக்கா ஞாபகம் வருகிறது, என் பிறந்த நாளுக்கு வரவில்லை. சரி, போகட்டும்.

நீ "களைப்பு" என்று எழுதிய இடத்தில் பேனா காகிதத்தைக் கிழித்திருக்கிறது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

என் வேலை உனக்குத் தெரியும். டிரைவர் நேற்று எத்தனை மணிக்கு இறங்கினார், இன்று எத்தனை மணிக்கு ஏறுகிறார் என்று பார்த்துக் கையெழுத்துப் போடுவது. எட்டு மணி நேர ஓய்வு இல்லாதவருக்கு வண்டி கொடுக்க மாட்டேன். டிப்போவில் எனக்குப் பின்னால் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்பதைக் கடிதத்தில் எழுத முடியாது. அறுபது பேர் போகிற பஸ்ஸுக்கே இவ்வளவு இருக்கும்போது உங்களுக்குச் சட்டம் இருக்காதா? எழுத்தில் கொடு. முடியவில்லை என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும்.

அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. மாடி வீட்டுக்காரரிடம் உன்னைப் பற்றி அளந்துகொண்டிருக்கிறாள். அவர் பாவம், குப்பை கொட்டக்கூட நம் வாசல் வழியாகப் போகப் பயப்படுகிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன்னையே நினைத்திருக்கும்
அக்கா


14 மார்ச்

அக்கா,

நீ சொன்னபடி எழுதிக் கொடுத்தேன். அதற்கென்றே ஒரு படிவம் இருக்கிறது. களைப்பு ரிப்போர்ட். இரண்டு வருடத்தில் யாரும் தொட்டிருக்கவில்லை. கட்டைப் பிரித்தபோது தாள்கள் ஒட்டிக்கொண்டிருந்தன.

எங்கள் டியூட்டி போடுகிறவருக்கு நாங்கள் வைத்த பெயர் சித்திரகுப்தன். அவர் படித்துவிட்டுத் தலைமை பைலட்டின் அறைக்கு அனுப்பினார். தலைமை பைலட் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ஒக்காரு. வீட்ல ஏதாவது பிரச்சனையா?"

"இல்ல சார். பதிமூணு நாளா ஒரு நாள்கூட லீவு இல்ல."

"காகிதத்துல எல்லாம் சரியாத்தானே இருக்கு?"

"காகிதத்துல நான் நாற்காலியில ஒக்காந்திருந்ததெல்லாம் தூக்கம்னு இருக்கு சார்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்தார். பிறகு, "நான் மட்டும் தூங்குறேன்னா நினைக்கிற?" என்றார். உள்ளே மாத்திரை அட்டைகள் இருந்ததைப் பார்த்தேன். படிவத்தை என்னிடமே திருப்பிக் கொடுத்தார். "இத உள்ள வச்சா மேல கேப்பாங்க. நாளைக்கு உனக்கு ஃப்ளைட் இருக்கு. ஆள் இல்லப்பா. நீயும் படுத்துட்டா நான் யாரை அனுப்புவேன்?"

அவர் கெட்டவர் இல்லை அக்கா. அதுதான் கஷ்டம். கெட்டவராக இருந்தால் சட்டையைப் பிடித்திருப்பேன்.

மறுநாள் போனேன். இரண்டு வாரமாகப் போய்க்கொண்டேதான் இருக்கிறேன்.

தம்பி


2 ஏப்ரல்

அக்கா,

இதைப் படித்ததும் கிழித்துவிடு. வேறு யாரிடமும் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

போன வியாழக்கிழமை. பட்டப்பகல், மணி இரண்டேகால். பின்னால் ஐந்து பயணிகள், ஒரே குடும்பம். என் பக்கத்தில் ஒல்லி. என்னோடு தங்கியிருக்கிற கோ-பைலட், நல்ல பையன், மனைவிக்கு ஒன்பதாம் மாதம். இருவரும் அதிகாலை மூன்று மணிக்கு எழுந்தவர்கள், அது நான்காவது ஃப்ளைட். மேலே போய் ஆட்டோ பைலட்டில் போட்டோம். கண்ணாடி வழியாக வெயில் மடியில் விழுந்துகொண்டிருந்தது. "கேப்டன், பத்து நிமிஷம் கண்ண மூடிக்கட்டுமா?" என்று ஒல்லி கேட்டான். "மூடிக்கோ, நான் பாத்துக்கிறேன்" என்றேன்.

அதன் பிறகு எனக்கு ஞாபகம் இருப்பது தோளில் ஒரு கை.

அந்தக் குடும்பத்துப் பெரியம்மா எழுந்து வந்திருக்கிறார். ஏசியைக் குறைக்கச் சொல்ல. சிரித்துக்கொண்டே சொன்னார்: "ரெண்டு பேரும் கண்ண மூடிப் பிரார்த்தனை பண்றீங்கன்னு நினைச்சு ரொம்ப நேரமா நின்னுட்டிருந்தேன் தம்பி."

கடிகாரத்தைப் பார்த்தேன். பதினாலு நிமிஷம். இறங்கத் தொடங்க வேண்டிய இடத்தைத் தாண்டிவிட்டோம். தரையிலிருந்து கன்ட்ரோல் அறைக்காரர்கள் ஆறு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், பதில் இல்லை. அந்தப் பதினாலு நிமிஷமும் அந்த விமானத்தில் யாருமே இல்லை அக்கா. ஏழு பேர் இருந்தோம், ஓட்ட ஒருவரும் இல்லை.

ரேடியோ கோளாறு என்று சொன்னேன். என் குரல் நானே நம்பும்படி இருந்தது. இறங்கியதும் இஞ்சினியர் இரண்டு மணி நேரம் ரேடியோவைக் கழற்றிப் பார்த்தார். இல்லாத கோளாறை அந்த மனிதர் தேடுவதைப் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஒல்லி கழிவறைக்குள் போய் வாந்தி எடுத்தான்.

இப்போது படுத்தாலும் தூக்கம் வருவதில்லை. கண்ணை மூடினால் தோளில் அந்தக் கை விழுகிறது.

கிழித்துவிடு.

தம்பி


8 ஏப்ரல்

கண்ணே,

கிழிக்கவில்லை. கை வரவில்லை.

உனக்கு ஒன்று சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன்னால், நீ பைலட் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த மாதம். ஒரு டிரைவர் வரவில்லை. இரட்டை டியூட்டி முடித்து இறங்கிய இன்னொருவரை நிறுத்தி, "அண்ணே, ஒரே ஒரு நடை" என்று நானே கேட்டேன். "கண்ணு எரியுதும்மா" என்றார். "சீக்கிரம் போயிட்டு வந்துடுங்க" என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். ஐந்தாவது நிறுத்தத்தில் வரிசையாக நின்றவர்கள்மேல் வண்டி ஏறிவிட்டது. இரண்டு பேர் இறந்துபோனார்கள். ஒருவர் கையில் மருந்துப் பை வைத்திருந்தாராம்.

டிரைவரின் வேலை போயிற்று. என்னை யாரும் ஒன்றும் கேட்கவில்லை. காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. சரியாக எழுதியவள் நான்தானே. நீ பரீட்சை எழுதவேண்டியவன் என்று உன்னிடம் சொல்லவில்லை, பிறகு சொல்ல வாய் வரவில்லை. டிப்போவில் முகத்துக்கு நேரே என்னைக் கறார்க்காரி என்கிறார்கள். கறார் எங்கிருந்து வந்தது என்று அவர்களுக்குத் தெரியாது.

உன் காலில் விழுந்து கேட்கிறேன். நீயே போய்ச் சொல்லிவிடு. விமானத்துறை அலுவலகத்தில் நடந்ததை நடந்தபடி சொல். தானாகச் சொன்னவனுக்குத் தண்டனை குறைவாகத்தான் இருக்கும். அதுவரை விமானத்தில் ஏறாதே. காய்ச்சல் என்று சொல், அம்மா படுத்துவிட்டாள் என்று சொல், என்ன வேண்டுமானாலும் சொல்.

அக்கா


19 ஏப்ரல்

அக்கா,

நீ இத்தனை வருடம் அதைத் தனியாகச் சுமந்தாயா? தெரிந்திருந்தால் உன்னிடம் என் பாரத்தையும் இறக்கியிருக்க மாட்டேன்.

சொல்ல முடியாது. சொன்னால் என் லைசென்ஸ் மட்டும் போகாது, ஒல்லியுடையதும் போகும். அவன் தினமும் காலையில் என் முகத்தைப் பார்க்கிறான். "சொல்ல மாட்டீங்கல்ல கேப்டன்?" என்று கேட்பதில்லை. பார்க்கிறான், அவ்வளவுதான். அவனுக்குப் பெண் குழந்தை பிறந்து நான்கு நாள் ஆகிறது, இன்னும் போய்ப் பார்க்கவில்லை. லீவு இல்லை.

இந்த மாதம் இன்னும் நான்கு பேர் போய்விட்டார்கள். காய்ச்சல் என்று சொன்னேன். சித்திரகுப்தன் ஆள் அனுப்பி என் நெற்றியைத் தொட்டுப் பார்க்கச் சொன்னார். நேற்று ரன்வேயில் விமானத்தைத் திருப்பும்போது எந்தப் பக்கம் திருப்பவேண்டும் என்று ஒரு கணம் எனக்குத் தெரியவில்லை.

நாளை மூன்று ஃப்ளைட். நீ கவலைப்படாதே. நான் இப்போது பின் ஊசி ஒன்று சட்டைப்பையில் வைத்திருக்கிறேன். கண் சொருகினால் தொடையில் குத்திக்கொள்கிறேன்.

தம்பி


27 ஏப்ரல்

தம்பி,

உன் இரண்டாம் தேதிக் கடிதத்தையும் பத்தொன்பதாம் தேதிக் கடிதத்தையும் இன்று விமானத்துறை அலுவலகத்தில் கொடுத்துவிட்டேன்.

பத்து மணிக்குப் போனேன், மூன்று மணிக்குக் கூப்பிட்டார்கள். என் வயது இருக்கும் ஒரு பெண் அதிகாரி. இரண்டு முறை படித்தார். பின் ஊசியைப் பற்றி எழுதிய இடத்தில் கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"இது உங்க தம்பி கையெழுத்தா?"

"ஆமா மேடம்."

"நீங்க இங்க வந்தது அவருக்குத் தெரியுமா?"

"தெரியாது. இன்னைக்கே எழுதிடுவேன்."

"யோசிச்சுட்டுத்தான் வந்தீங்களா? இத வாங்கிட்டா என்னால திருப்பித் தர முடியாது."

"தூக்கி வளத்தவ மேடம். யோசிக்காம வருவேனா?"

வாங்கிக்கொண்டார். ரசீது கொடுத்தார். வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தவள் ரொம்ப நேரம் எழுந்திருக்கவில்லை.

உன்னை ஏமாற்றிவிட்டேன் என்று நீ சொல்வாய். ஆமாம். நீ நம்பிக் கொடுத்ததை எடுத்து நீட்டியிருக்கிறேன். ஒல்லியின் குழந்தையை நினைக்காமல் இல்லை. ஒரு முறை என்ன ஆகும் என்று தெரியாமல் கையெழுத்துப் போட்டேன். தெரிந்தே இன்னொரு முறை என்னால் போட முடியாது.

அக்கா


30 ஜூன்

உன் கடிதம் எனக்கு வருவதற்கு முன்பே விமானத்துறை அதிகாரிகள் வந்துவிட்டார்கள்.

என் லைசென்ஸ் ஒரு வருடத்துக்கு நிறுத்தம். பொய் ரிப்போர்ட் கொடுத்ததற்காக மேலும் விசாரணை. ஒல்லிக்கு ஆறு மாதம். கம்பெனியின் ஏழு விமானத்தில் ஐந்தைப் பறக்கவிடாமல் நிறுத்தியிருக்கிறார்கள், மற்ற பைலட்டுகளும் வேலை இல்லாமல் இருக்கிறார்கள். தலைமை பைலட் ராஜினாமா செய்துவிட்டார். முதலாளி வேறு பெயரில் புதிய கம்பெனி தொடங்கப்போவதாகப் பேச்சு. அவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஒல்லி என்னைத் திட்டவில்லை. பெட்டியைக் கட்டிக்கொண்டு, "அக்காகிட்ட எழுதாம இருந்திருக்கலாம் கேப்டன்" என்று மட்டும் சொன்னான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

எல்லோரும் என்னைக் கேட்கிறார்கள்: ஒன்றும் நடக்கவில்லையே, பத்திரமாகத்தானே இறங்கினீர்கள்? உன்னிடம் நானும் அதையே கேட்கிறேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்க வைத்தது நீ. உன் ஒன்பது வருடத்துப் பாரத்தை என் தலையில் வைத்து இறக்கிக்கொண்டாய்.

வீட்டுக்கு வரமாட்டேன். ஒரு கிடங்கில் சாமான் கணக்குப் பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. இனி எழுதாதே.


15 ஜூலை

அன்புள்ள தம்பி,

எழுதாதே என்கிறாய். இந்த ஒன்றை மட்டும் எழுதிவிடுகிறேன்.

ஒன்றும் நடக்கவில்லை என்பது உண்மை. நடக்காததற்கு நான் எங்கே போய்ச் சாட்சி தேடுவேன்? நான் செய்தது சரி என்று யாராலும் காட்ட முடியாது. என்னாலும் முடியாது. என் பாரத்தை இறக்கிக்கொண்டேன் என்கிறாயே, அது கொஞ்சம் உண்மையாகவும் இருக்கலாம்.

ஒல்லியின் விலாசம் மட்டும் அனுப்பு. அந்தப் பிள்ளையிடம் நேரில் போய் மன்னிப்புக் கேட்க வேண்டும்.

அக்கா


6 அக்டோபர்

தம்பிக்கு,

ஜூலையில் எழுதியதற்குப் பதில் இல்லை. எதிர்பார்க்கவும் இல்லை.

அம்மாவிடம் எவ்வளவு நாள் பொய் சொல்ல முடியும்? போன வாரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். நீ தூங்கியது, நான் உன் கடிதங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தது, நீ என்னோடு பேசாமலிருப்பது, எல்லாம். பைலட் மகன் இப்போது பறக்கவில்லை என்பதில் உடைந்துபோவாள் என்று நினைத்தேன். என்னை இரண்டு வார்த்தை கேட்பாள் என்றும் நினைத்தேன்.

இரண்டு நாள் மாடி வீட்டுக்காரர் குப்பை கொட்டப் போனபோதும் அம்மா அவரை நிறுத்தவில்லை. மூன்றாம் நாள் துணி மடித்துக்கொண்டிருந்தவள் தலை நிமிராமல் கேட்டாள்:

"இப்பவாவது தூங்குறானா அவன்?"

"தெரியலம்மா" என்றேன்.

மடித்த துணியையே பிரித்து மறுபடி மடித்தாள்.

எனக்கு நீ எழுத வேண்டாம். தூங்குகிறேன் என்று ஒரே ஒரு வரி, அம்மா பெயருக்கு, வீட்டு விலாசத்துக்கு எழுதிப் போடு. நான் பிரிக்க மாட்டேன்.

அக்கா