சார் ரூம் டீ

இல்ல சார், உங்க பையன் சொல்றத நான் ஒத்துக்கமாட்டேன். "எங்கப்பா யாரையும் கடிஞ்சி ஒரு வார்த்த பேசினதில்ல"ன்னு உங்க படத்தெறப்பு மேடையில மைக்கப் புடிச்சிகினு அழுவுறான். நீங்க மாலைக்குள்ள சிரிச்சிகினு இருக்கீங்க. படத்தத் தொறந்து வச்சதும் கையில பேப்பர் கப்பக் குடுத்தாங்க. இஞ்சி டீ. அந்த வாசன மூக்குல ஏறினதும் எழுந்து வூட்டுக்கு வந்துட்டேன்.

கடிஞ்சி பேசாததுதான் சார் உங்க வியாதியே.

நெய்வேலி மைன்ஸுக்கு ஆள் வுடுற கான்ட்ராக்ட் கம்பெனியில நீங்க ஹெச்.ஆர். சாரு. நான் தல நரைச்சும் ஆபீஸ் பாய். ஆளச் சேக்கும்போது பச்சத் தண்ணி குடுக்கமாட்டீங்க, நிக்க வச்சே பேசுவீங்க. ஆள நிறுத்தணும்னா மட்டும் பெல் அடிச்சி, "அண்ணனுக்கு ஒரு டீ, இஞ்சி தட்டிப் போட்டு"ம்பீங்க. "வூட்ல எல்லாம் சொகமா?"ம்பீங்க. அவன் குடிச்சி முடிச்சதும், "கொஞ்ச நாள் ரெஸ்ட் எடுங்கண்ணே, நாங்களே கூப்புடுறோம்." எவனக் கூப்புட்டீங்க? மைன்ஸ் பூரா தெரிஞ்சிபோச்சு. நான் தட்டத் தூக்கிகினு நடந்தா, பொணம் போற மாதிரி ஷிப்டு ஆளுங்க ஒதுங்குவானுங்க. "மாமா, இன்னிக்கி யாருக்கு?"

நிலக்கரி ஓடுற பெல்ட்டுல வேல செஞ்ச கலியபெருமாளக் கூப்புட்டீங்களே, ஞாபகம் இருக்கா? அவன் பண்ணதெல்லாம் கிழிஞ்ச ஷூவ மாத்தித் தாங்கன்னு கேட்டதுதான். டீயப் பாத்ததும் அவன் தள்ளி வச்சான்.

"எனக்கு டீயே ஆவாதுங்க சார்."

"அட, சும்மா குடிங்கண்ணே."

"ஆறுது சார்"னு சொல்லி நானே எடுத்து ஒரே மடக்கா குடிச்சிட்டேன். உங்க மூஞ்சி இருக்கே! டீ இல்லாம உங்களுக்கு வாயே வரல. "சரி, நீங்க ஷிப்டுக்குப் போங்க"ன்னு அவன அனுப்பிட்டீங்க. இவரா அதிகாரின்னு நெனச்சி அன்னிக்கெல்லாம் சிரிச்சேன்.

மறுநாளு கேட்டுல அவன் கார்ட வச்சான், செவப்பு லைட்டு எரிஞ்சிது. செக்யூரிட்டி கையப் புடிச்சி வெளிய வுட்டான். நீங்க மாடி ஜன்னல்ல நின்னு பாத்துகினு இருந்தீங்க. கம்பெனிக்கு டீத்தூள் மிச்சம்.

அவன் சண்டைக்கே வரல சார். என்னத் தேடி வந்து, "மாமா, வேல போனாப் போவட்டும். நான் என்னா தப்பு பண்ணேன்னு சார் வாயால ஒரு வார்த்த சொல்லச் சொல்லு. எம் பொண்ணு, நீ திருடிட்டியாப்பான்னு கேக்குது"ன்னான்.

உங்ககிட்ட வந்து சொன்னேன். "அப்புறம் பாப்பம்"னீங்க. ரிட்டயரும் ஆயிட்டீங்க. அவன் இப்ப பண்ருட்டி பலா மண்டியில பழம் தூக்குறான். என்னக் கண்டா, "சார் சொன்னாரா மாமா?"ங்கறான். அந்தக் கேள்விய நான்தான் இன்னும் சொமந்துகினு திரியறேன்.

கடேசியா உங்கள டவுன்ஷிப் பார்க்குல பாத்தேன். குல்லா போட்டுகினு வாக்கிங். "சாப்டீங்களா?"ன்னு கேட்டீங்க.

"என்னா சார், இப்ப என்ன எதுலேருந்து நிறுத்தப்போறீங்க?"ன்னேன். சிரிக்கல நீங்க.

"கலியபெருமாளு கேட்டான் சார்..."

அவ்ளோதான், குல்லாவக் காது மேல இழுத்து வுட்டுகினு நடக்க ஆரம்பிச்சிட்டீங்க. நான் மூச்சு வாங்கிகினு பின்னாலயே வரேன். "ஒரு வார்த்த சார். தப்பு ஒண்ணும் பண்ணலன்னு சொன்னாக்கூடப் போதும், நான் போயி அந்தப் பொண்ணுகிட்ட..."

கைய வீசிகினு வளைவுல திரும்பிட்டீங்க.