சூடம் அணைத்த கை

பாப்பாவின் அப்பாவுக்கு,

பாப்பாவுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. கஹவத்தையில் மழைதான் விடவில்லை. போனில் பேசினால், சுவரோடு சுவர் ஒட்டிய இந்த லயத்தில் அடுத்த வீடு வரைக்கும் கேட்கும். அதனால் எழுதுகிறேன்.

பள்ளிக்கூடத்தை விட்டுத் தோட்டத்து மனநல ஆலோசகர் வேலைக்கு வந்த புதிதில், இரண்டு மாதம் என் அறைக்கு ஒருவரும் வரவில்லை. "காயிதத்துல கையெழுத்துப் போட்டா நம்ப மாட்டாங்க. கோயில்ல சூடம் அணைச்சுச் சத்தியம் பண்ணு" என்றது நீங்கள்தான். பண்ணினேன். அறையில் கேட்டதை வெளியே சொல்ல மாட்டேன், அதை வைத்து யாரையும் விசாரிக்க மாட்டேன் என்று தோட்டமே பார்க்க அணைத்தேன். உள்ளங்கையில் கொப்புளம் வந்தது. நீங்கள்தான் மருந்து போட்டீர்கள்.

செவ்வாய்க்கிழமை ஒருத்தி வந்தாள். யாரென்று எழுத மாட்டேன். "இங்க சொன்னா நீங்க யார்கிட்டயும் போய்க் கேக்க ஏலாதுதானே, டீச்சர்?" என்றாள். ஏலாது என்றேன். அதற்குப் பிறகுதான் ஒரு பெயரைச் சொன்னாள். அதையும் எழுத மாட்டேன். கல்யாணமாகிப் பதினொரு வருடமாக நான் வாயால் சொல்லாத பெயர் அது.

வகுப்பறையாக இருந்தால் எழுப்பி நிறுத்திக் கேட்டிருப்பேன். இப்போது வீட்டில்கூடக் கேட்க முடியாது.

தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வருவீர்கள்தானே? செவ்வாயும் வெள்ளியும் என் அறை திறந்திருக்கும். வந்து எதிரே உட்காருங்கள். நீங்கள் எதைச் சொன்னாலும், உங்கள் மனைவியிடம்கூடச் சொல்ல மாட்டேன்.

பாப்பாவின் அம்மா