மாற்றி ஒட்டிய எண்கள்

ஏப்ரல் 9, ஒமாஹா

முழங்கால் மறுபடி வீங்கியிருக்கிறது. பயிற்சி முடிந்ததும் உடற்பயிற்சியாளர் ஆன்சல் கணினியை என் பக்கம் திருப்பினார். "மார்னி, உன் வேக ஓட்டம் போன வருஷத்துல பாதிகூட இல்லையே. இப்படியே போனா கொரின் உன்னை வெளிய உட்கார வச்சிடுவா." கொரின் எங்கள் கால்பந்து அணியின் தலைமைப் பயிற்சியாளர். வெறும் சளி என்று பொய் சொன்னேன். முப்பத்து மூன்று வயதாகிறது, சளி இல்லை.

ஏப்ரல் 14

செய்துவிட்டேன். ஓட்டத்தை அளக்கும் கருவிகள், முதுகுப் பட்டையில் செருகுவோமே, அவை மேசையில் இருந்தன. அறையில் யாரும் இல்லை. என் கருவியிலும் கீலியின் கருவியிலும் ஒட்டியிருந்த எங்கள் எண்களை உரித்து மாற்றி ஒட்டினேன். கீலிக்கு இருபது வயது. அணியிலேயே அதிகம் ஓடுபவள். இன்று அவள் ஓட்டம் என் கணக்கில், என் ஓட்டம் அவள் கணக்கில்.

ஒரு நாளைக்குத்தான்.

ஏப்ரல் 15

எண்களைத் திரும்ப மாற்றவில்லை. நாளை.

ஏப்ரல் 23

"பழைய மார்னி வந்துட்டா" என்று ஆன்சல் தோளில் தட்டினார். பிறகு கீலியிடம், "உனக்கு என்னம்மா சோம்பேறித்தனம்? எல்லாரும் போனப்புறம் இன்னும் எட்டு ஓட்டம் ஓடிட்டுப் போ."

அவள் தலையாட்டிவிட்டுக் கோட்டுக்குப் போனாள். ஏற்கெனவே எல்லாரையும்விட அதிகம் ஓடிக் களைத்த கால்கள். காருக்குள் உட்கார்ந்து பார்த்தேன். எட்டும் ஓடினாள். இறங்கிப் போய்ச் சொல்ல எனக்கு என்ன கேடு?

மே 2

ஆட்டத்தின் எழுபத்தோராவது நிமிடம். பந்தைத் துரத்திப் போன கீலி பின்தொடையைப் பிடித்துக்கொண்டு விழுந்தாள். முதலில் ஓடிப்போனது நான்தான் — அணித்தலைவி ஆயிற்றே.

"சாரி கேப்டன், நான் இன்னும் பயிற்சி பண்ணிருக்கணும்."

என்கிட்ட மன்னிப்பு கேக்குறா. என்கிட்ட.

மே 3

தசை கிழிந்திருக்கிறது. மூன்று மாதம். "நம்பரைப் பார்த்தா அவ களைச்சிருக்கவே கூடாது. எங்க தப்பு பண்ணேன்னு தெரியலை" என்று ஆன்சல் தலையில் கைவைத்துக்கொண்டார்.

மே 5

கீலியின் வீட்டுக்குப் போனேன். ஊன்றுகோலோடு எழுந்து எனக்குக் காபி போடப் போனாள். வேண்டாம் என்றேன். நின்றபடியே, எண்களை மாற்றி ஒட்டியதைச் சொல்லி முடித்தேன்.

சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "அம்மாவுக்குப் போன் பண்ணி, எனக்கு இதுக்குத் தெம்பு இல்லம்மான்னு அழுதேன். அது தெரியுமா உங்களுக்கு?"

தெரியாது.

"கிளம்புங்க."

அங்கிருந்து நேராகக் கொரினிடம் போய்ச் சொன்னேன். எட்டு ஆட்டத் தடை. தலைவியின் கைப்பட்டையையும் வாங்கிக்கொண்டாள். ஆன்சல் என் முகத்தையே பார்க்கவில்லை.

ஜூன் 20

தனியாக ஓடினேன். வேகம் குறைவுதான். அப்படியே ஆன்சலிடம் எழுதிக் கொடுத்தேன்.

ஆகஸ்ட் 8

அறுபதாவது நிமிடத்தில் என்னை எடுத்துவிட்டு கீலியை இறக்கினார்கள். கோட்டருகே கை நீட்டினேன். அவள் தொடவில்லை.

"எதிர் டீம் எட்டாம் நம்பர் எப்பவும் இடது பக்கம்தான் திரும்புறா" என்றேன்.

"பார்த்துட்டுதான் இருந்தேன்" என்று உள்ளே ஓடினாள்.

மீதி அரைமணியும் நான் பந்தைப் பார்க்கவில்லை, அவள் தொடையைத்தான். தாங்கியது.