விமர்சனத்தில் வந்த நைனா

ஆகஸ்ட் 3, ஞாயிறு
என்னைப் பற்றித் தோழி அலீனா எடுத்த ஆவணப்படம் வெளிவந்து ஒன்பது நாள். இன்றைக்கும் ஒரு விமர்சனம். ஆடும்போது நான் தரைக்கு இறங்குகையில் இடது கால் ஒரு நொடி பிந்தி வருகிறதே, அது "நவீன நடனத்துக்குக் கிடைத்த புது இலக்கணம்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இலக்கணமாம், மண்ணாங்கட்டி. முழங்கால் சரியாக மடங்காது, அவ்வளவுதான். நடக்கும்போது தெரியாது. ஆடினால் தெரியும்.

ஆகஸ்ட் 5
சென்னைப் பத்திரிகை நைனாவைக் கிழித்துப் போட்டிருக்கிறது. "மகளின் காலை உடைத்த தகப்பன்." உடைக்கவில்லை. ஆடப் போகாதே என்று உதைத்தார், முழங்கால் சவ்வு கிழிந்தது. நான்தானே படத்தில் சொன்னேன்: "பதினேழு வயசுல நைனா ஒதைச்சதுல போன காலு இது." பொய்யா சொன்னேன்? அப்புறம் ஏன் அந்தப் பேப்பரை மடித்து ஒளித்துவைத்தேன்?

ஆகஸ்ட் 6
நைனா டீக்கடைக்குப் போகவில்லை. படத்தை அவர் பார்க்கவும் இல்லை. ஊர் பார்த்துவிட்டது.

ஆகஸ்ட் 9
டெல்லியிலிருந்து ஓர் ஆங்கில விமர்சனம். மும்பையில் சப்டைட்டில் போட்டவர்கள் 'நைனா' என்பதை அப்படியே விட்டிருக்கிறார்கள். அந்தப் பக்கம் நைனா பெண்பிள்ளைப் பேர். "பொறாமை பிடித்த சக நடனக்காரி நைனா" என்று அந்த மனுஷர் பக்கம் பக்கமாக எழுதித் தள்ளிவிட்டார். விழுந்து விழுந்து சிரித்தேன். அலீனா சிரிக்கவில்லை. "தமிழினி, அப்பான்னு திருத்தி ஒரு மெயில் போடுடி, மானம் போவுது" என்றாள். மாட்டேன் என்றேன். ஒரு பத்திரிகையிலாவது நைனா தப்பிக்கட்டுமே.

ஆகஸ்ட் 10
அவரைக் காப்பாற்றுகிறேனா, என்னையா? யோசித்துக்கொண்டே நின்றதில் செஞ்சி பஸ் கண்ணெதிரில் போனது. ஏறவில்லை.

ஆகஸ்ட் 12
களத்தில் மல்லாட்டைக் கடலையைக் காயவைத்துக்கொண்டிருந்த நைனா தானாகவே கேட்டார்.

"டெல்லி பேப்பர்ல இன்னா போட்டிருக்குதாம்? அலீனா சொல்லுச்சி."

படித்துத் தமிழில் சொன்னேன். சிரிப்பார் என்று நினைத்தேன்.

"யாரோ ஒரு பொண்ணு மேல பழி போட்டுட்டான். நீ சும்மா இருக்குற?"

"அப்டி ஒரு பொண்ணே இல்ல நைனா."

"ஒதைச்சவன் நான் இருக்கறேன் இல்ல."

அவர் சொல்லச் சொல்ல, டெல்லிப் பத்திரிகைக்குப் போனில் மெயில் தட்டினேன். நைனா என்றால் அப்பா. உதைத்தது அப்பாதான். பேரையும் போடச் சொன்னார்: கோவிந்தசாமி, சிங்கவரம். அனுப்பிவிட்டேன்.

நைனா மறுபடி மல்லாட்டையைக் கிளறினார். பிறகு நிமிராமலே கேட்டார்.

"எந்தக் காலு?"

எட்டு வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. இடது என்றேன்.